மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு மோஷன் கட்டுக்குள் வர: முழுமையான வழிகாட்டி

கட்டியை எடுத்தாயிற்று, பயாப்சி ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது, மலம் வெளியேற வயிற்றில் தற்காலிகமாக வைத்த பையையும் எடுத்துவிட்டு, குடலை உள்ளே சேர்த்து மூடிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருக்கும் அந்த வாரத்தில்தான் நோயாளிக்கு அடுத்த பாடு தொடங்குகிறது. நாளைக்குப் பத்துத் தடவை, பதினைந்து தடவை பாத்ரூம். போய்விட்டு வந்து உட்கார்ந்தால் கால் மணி நேரத்தில் மறுபடி. காற்று என்று நினைத்தால் கசிவு. கேட்டால், "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள்.

அது பாதிதான் சரி. குடல் தானாக ஓரளவு தேறும். மீதியை நாம்தான் ஒவ்வொரு படியாகச் செய்து பார்க்க வேண்டும். உணவு, மாத்திரை, தசைப் பயிற்சி, தண்ணீர் விட்டுக் கழுவுதல், நரம்புத் தூண்டல் என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. உயிர் பிழைத்ததே பெரிசு, இதைப் போய் டாக்டரிடம் கேட்பதா என்று கூச்சப்பட்டு இரண்டு வருஷம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கூச்சத்துக்கு எந்த அவசியமும் இல்லை.

உள்ளே என்ன மாறியது

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 12 முதல் 15 சென்டிமீட்டர். மலம் வந்து சேரும்போது அது விரிந்து கொடுக்கும். நமக்கு வசதியான நேரம் வரும்வரை தேக்கி வைக்கும். அதற்குக் கீழே, ஆசனவாயின் மேல்பகுதியில் உள்ள உள்தோல், வந்திருப்பது காற்றா, தண்ணீரா, கெட்டியா என்று பிரித்தறிந்து மூளைக்குச் சொல்லும்.

ஆபரேஷனில் அந்தத் தேக்கும் இடம் போய்விடுகிறது. அதற்குப் பதிலாக மேலிருந்து இறக்கி இணைக்கும் பெருங்குடல் குறுகலானது. தள்ளி அனுப்பத்தான் அதற்குத் தெரியும், தேக்கத் தெரியாது. இணைக்கும்போது, ஆசனவாயை இறுக்கி மூடும் உள் சுருக்குத் தசையும் பக்கத்தில் ஓடும் நரம்புகளும் கொஞ்சமாவது அடிபடலாம். கரண்ட் வைத்திருந்தால், அதாவது ரேடியேஷன் கொடுத்திருந்தால், அந்தப் பகுதி இறுகிப் போய் நெகிழ்ச்சி குறையும். இதனால் வரும் தொந்தரவுகள் எல்லாவற்றையும் சேர்த்து மருத்துவர்கள் ‘லார்ஸ்’ என்கிறார்கள். அவசரம், அடிக்கடி போவது, கொத்துக் கொத்தாகப் போவது, முழுதாகப் போகாத உணர்வு, கசிவு எல்லாம் இதில் அடக்கம். சிலருக்கு நேர் எதிராக இரண்டு நாள் எதுவுமே வராது. மூன்றாம் நாள் பாத்ரூமை விட்டு வெளியே வர முடியாது. அதுவும் இதேதான்.

இணைப்பு ஆசனவாய்க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு தொந்தரவு அதிகம். கரண்ட் வைத்தவர்களுக்கும், இணைப்பில் கசிவு ஏற்பட்டவர்களுக்கும் கூடுதல்.

படி 1: கத்தி வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். புற்றுநோய் என்றதும் "எப்படியாவது எடுத்துடுங்க டாக்டர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் ஆகட்டும், சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச். ஆகட்டும், ஸ்டான்லி ஆகட்டும், ஓ.பி.யில் டாக்டரோடு கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது? எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் இது இருக்கும். சுருக்குத் தசையைக் காப்பாற்ற முடியுமா? கரண்ட் அவசியமா? குடலை எந்த முறையில் இணைக்கப் போகிறீர்கள்? தற்காலிகப் பை இருக்குமா, எத்தனை மாதம்?

இன்னொன்றும் கேளுங்கள். கீமோ, கரண்ட் இரண்டுக்கும் பிறகு கட்டி முழுவதும் மறைந்துவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு நெருக்கமாகக் கண்காணிக்க முடியுமா? பிரேசில் சர்ஜன் ஏஞ்சலிட்டா ஹபர்-காமா 2004-ல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு இந்த வழி உலகமெங்கும் கவனம் பெற்றது. எல்லோருக்கும் பொருந்தாது, அடிக்கடி பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும். ஆனாலும் கேட்பதில் நஷ்டமில்லை.

நம் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டியதும் உண்டு. இப்போதே அவசரத்தை அடக்க முடியவில்லையா? பிரசவத்தில் ஆழமாகக் கிழிந்து தையல் போட்டதா? மூலம், பௌத்திரம் ஆபரேஷன் நடந்ததா? பல வருஷச் சர்க்கரையா? ஏற்கெனவே பிடிப்புக் குறைந்தவருக்கு மிகக் கீழே குடலை இணைத்தால், பை இல்லை என்ற சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்காது. என்னைக் கேட்டால், அப்படிப்பட்டவருக்கு நிரந்தரப் பை தோல்வி அல்ல. பல சமயம் அதுதான் நிம்மதி. பிரிட்டிஷ் சர்ஜன் எர்னஸ்ட் மைல்ஸ் 1908-ல் விவரித்த ஆபரேஷனில் ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள், எல்லோருக்கும் நிரந்தரப் பைதான். 1982-ல் இன்னொரு பிரிட்டிஷ் சர்ஜன் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையோடு ஒரே பொட்டலமாக எடுக்க வேண்டும் என்று எழுதினார். அந்த முறையும் குடலை இணைக்கும் ஸ்டேப்ளர் கருவியும் பரவிய பிறகுதான் கீழே இருக்கும் கட்டியையும் எடுத்துவிட்டுக் குடலை இணைப்பது சாதாரணமானது. இணைக்க முடியும் என்பதற்காக எல்லோருக்கும் இணைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

படி 2: இணைக்கும் முறைகளைத் தெரிந்துகொள்வது

நேராக நுனியோடு நுனி சேர்ப்பது எளியது. ஆனால் கீழே போகப் போக முதல் வருஷம் சிரமம் கொடுக்கும். அடுத்தது ஜே பவுச். பெருங்குடலின் நுனியை ஜே எழுத்து மாதிரி மடித்து, 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சிறு தேக்கம் செய்து, அதை ஆசனவாயோடு சேர்ப்பார்கள். 1986-ல் பிரான்ஸிலிருந்து இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக வெளியிட்டன. முதல் ஒன்று ஒன்றரை வருஷத்துக்கு, நேர் இணைப்பைவிட இதில் போகும் தடவையும் அவசரமும் குறைவு. அதற்கப்புறம் வித்தியாசம் மங்கிவிடும். பவுச்சைப் பெரிதாகச் செய்தால் முழுதாகக் காலியாகாமல் முக்க வேண்டியிருக்கும் என்பதால்தான் சின்னதாகவே செய்கிறார்கள். மூன்றாவது, குடலின் பக்கவாட்டை ஆசனவாயோடு சேர்ப்பது. செய்வது ஜே பவுச்சைவிடச் சுலபம், பலனும் ஏறக்குறைய அதே.

எது என்பதை இடுப்பெலும்பின் அகலம், குடலின் நீளம், கொழுப்பு எல்லாம் பார்த்து ஆபரேஷன் மேஜையில்தான் முடிவு செய்வார்கள். நாம் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். எது செய்யப்பட்டது என்பதை மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போகும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான்.

படி 3: பை இருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள்

கீழே இணைத்த குடல் ஆறும்வரை, சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைப்பது ஐலியாஸ்டமி. இணைப்பில் கசிவு வருவது நூற்றில் 5 முதல் 15 பேருக்கு. பை கசிவை முழுதாகத் தடுக்காது. வந்தால் உயிருக்கு ஆபத்தாகாமல் பார்த்துக்கொள்ளும்.

சென்னையில் ஐலியாஸ்டமியோடு இருப்பவருக்குப் பெரிய எதிரி வெயில். பெருங்குடலுக்குப் போகாமலே வெளியேறுவதால் தண்ணீரும் உப்பும் சேர்ந்து போய்விடும். பையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் அதற்கு முன்பே உஷாராகுங்கள். சிறுநீர் மஞ்சளாகக் குறைந்து போவது, எழுந்தால் தலை சுற்றுவது, ஆடுதசை இழுப்பது எல்லாம் அடையாளங்கள். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் நிலைமை மோசமாகும். அது உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். பாக்கெட்டில் எழுதிய அளவில் கரைத்த ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, உப்பு மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய்ச் சில், மக்காச்சோளம், காளான், வாழைத்தண்டு, பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் வயிற்றில் உள்ள குறுகலான குடல் திறப்பில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. முதல் இரண்டு மாதம் தள்ளி வையுங்கள்.

பை இருக்கும்போதே ஆசனவாய் வழியாகச் சளி மாதிரி வரும். பயப்பட வேண்டாம், சும்மா இருக்கும் குடலும் சளி சுரக்கும். சீழ் நாற்றம், காய்ச்சல், ரத்தம் இருந்தால் மட்டும் வேறு விஷயம்.

இந்தக் காலத்தில் மிக முக்கியமான வேலை இடுப்புத்தளத் தசைப் பயிற்சி. பை மூடிய பிறகு ஆரம்பிக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதற்குள் தசை சோம்பிப் போயிருக்கும். இணைப்பு ஆறிவிட்டது என்று சர்ஜன் சொன்னதும் தொடங்குங்கள். கூட்டத்தில் காற்றை அடக்குவது போல ஆசனவாயை உள்ளே மேலே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, பத்து எண்ணும்வரை தளர விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையையும் பிட்டத்தையும் இறுக்கக் கூடாது. வயிற்றை முக்கினால் பலன் தலைகீழ். பிடிப்பதைப் போலவே முழுதாகத் தளர்த்துவதும் பயிற்சிதான். இதைச் சொல்லிக்கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள், ஏனென்றால் நிறையப் பேர் தவறான தசையைத்தான் இறுக்குகிறார்கள்.

பையை மூடுவது வழக்கமாக 8 முதல் 12 வாரத்தில். கீமோ நடந்தால் தள்ளிப்போகும். காரணமில்லாமல் மாதங்களை இழுக்க விடாதீர்கள். நீண்ட நாள் பை இருந்தவர்களுக்குப் பின்னால் தொந்தரவு கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மூடுவதற்கு முன், விரலால் சோதித்தும், ஸ்கோப் அல்லது மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, சி.டி. மூலமும் இணைப்பு ஆறியதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கு உதவும். பை, பேஸ்ட் போன்றவை அதில் வருமா என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள்.

படி 4: பை மூடிய முதல் மூன்று மாதம்

இதுதான் கடுமையான காலம். எதுவும் எடுபடவில்லை என்று தோன்றும். முதல் வேலை, ஒரு நோட்டுப் போடுவது. எத்தனை மணிக்குப் போனீர்கள், கெட்டியா தண்ணீரா, கசிவு உண்டா, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள். இரண்டு வாரம் எழுதினால் உங்கள் குடலின் நேரம் பிடிபடும். சாப்பிட்டதும் பெருங்குடல் அசைவது இயற்கை. காலையில் ஃபில்டர் காபி அதைத் தட்டி எழுப்பும். அதனால் காபியை விட வேண்டுமென்பதில்லை. வெளியே போகும் நாளில் ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் குடித்து, வேலையை முடித்துவிட்டுக் கிளம்பலாம்.

சாப்பாட்டில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இட்லி, குழைந்த பச்சரிசிச் சாதம், தயிர், மசித்த உருளைக்கிழங்கு, ஜவ்வரிசிக் கஞ்சி, வாழைப்பழம் பெரும்பாலும் கெட்டிப்படுத்தும். காரக் குழம்பு, பச்சை மிளகாய், எண்ணெய்ப் பலகாரம், முட்டைக்கோஸ், மொச்சை, கொண்டைக்கடலை, வெங்காயம், பால், சர்க்கரை இல்லாத இனிப்பு பெரும்பாலும் தூண்டும். ‘பெரும்பாலும்’ என்பதை மனதில் வையுங்கள், ஒருவருக்கு ஆகாத சாம்பார் இன்னொருவருக்கு ஒன்றும் செய்யாது. பயந்து எல்லாவற்றையும் நிறுத்தி, தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டு எடை இறங்கிப் போவது இன்னொரு ஆபத்து. முட்டை, மீன், பாசிப்பருப்பு, கோழி என்று புரதம் வேண்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் பேரீச்சம்பழம், அத்தி, நெல்லிச் சாறு என்று ‘தெம்புக்கு’ வாங்கி வருவார்கள். வாங்கி வைத்துக்கொண்டு வீட்டில் மற்றவர்களைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும் என்றே நினைக்கிறோம். அந்த உமி தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும் என்பதால் தண்ணீராய்ப் போவதையும் கெட்டியாக்கும், சிதறிப் போவதை ஒன்றாகச் சேர்க்கும். ஒரு டீஸ்பூனில் தொடங்கலாம். கலக்கிய உடனே குடித்துவிட வேண்டும். குடல் சுருங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தால் வேண்டாம்.

குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபெரமைடு 2 மில்லிகிராம் மாத்திரைதான் இங்கே பெரிய துணை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால் நன்றாக வேலை செய்யும். எத்தனை என்பதை மருத்துவர் சொல்வார்; ஒரு நாளில் 16 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அளவு மீறினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். காய்ச்சல், வயிறு உப்பல், ரத்தம் இருக்கும்போது போடக் கூடாது. மாத்திரை எடுபடாமல் மஞ்சளாகத் தண்ணீராய்ப் போய்க்கொண்டே இருந்தால், பித்த அமிலம் உறிஞ்சப்படாததோ சிறுகுடலில் கிருமி பெருகியதோ காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனி மருந்து உண்டு. ஒன்டான்செட்ரான் என்ற வாந்தி மாத்திரையும் குடல் வேகத்தைக் குறைக்கும். சில மருத்துவர்கள் இதற்குத் தருவதுண்டு.

தோல் வெந்து போவது நோயை விடக் கொடுமை என்பார்கள். ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹெல்த் ஃபாசெட்டின் வேகத்தைக் குறையுங்கள். சோப்பும் வாசனைத் துடைப்பானும் வேண்டாம். ஈரம் காய்ந்ததும் ஜிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகத் தடவுங்கள், எரிச்சல் வருவதற்கு முன்பே.

வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலுக்கு ஒரு சின்ன மணை போட்டு, முன்னால் லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தால் முழுதாகப் போகும். முக்கிக்கொண்டு அரை மணி உட்காராதீர்கள்.

படி 5: மதிப்பெண் போடுங்கள்

2012-ல் டென்மார்க்கில் உருவான லார்ஸ் மதிப்பெண்ணில் ஐந்தே கேள்விகள். காற்றை அடக்க முடியாதது: இல்லை 0, வாரத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவு 4, அதற்கு மேல் 7. தண்ணீராய்க் கசிவது: இல்லை 0, எப்போதாவது இருந்தாலும் 3. நாளைக்கு எத்தனை தடவை: ஏழுக்கு மேல் 4, நான்கு முதல் ஏழு 2, ஒன்று முதல் மூன்று 0, ஒன்றுக்கும் குறைவு 5. போய் ஒரு மணிக்குள் மறுபடி போவது: இல்லை 0, வாரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு 9, மேல் 11. ஓடிப்போக வேண்டிய அவசரம்: இல்லை 0, வாரத்துக்கு ஒன்றுக்கும் குறைவு 11, மேல் 16.

மொத்தம் 42. இருபது வரை இருந்தால் பிரச்சினை இல்லை, 21 முதல் 29 லேசானது, 30-ம் அதற்கு மேலும் கடுமையானது. எத்தனை தடவை என்பதைவிட அவசரத்துக்கும் கொத்தாகப் போவதற்கும்தான் அதிக மதிப்பெண் என்பதைக் கவனியுங்கள். நோயாளிகளை முடக்குவது அவைதான். மாதம் ஒரு தடவை போட்டு, செக்கப்புக்கு அந்தத் தாளோடு போங்கள். "எப்படி இருக்கீங்க?" "பரவால்ல டாக்டர்" என்பதோடு முடிந்துவிடும் பேச்சை அந்த எண் மாற்றிவிடும்.

பெரும்பாலான முன்னேற்றம் முதல் 12 மாதத்தில். ஒன்றரை, இரண்டு வருஷத்துக்குப் பிறகு தானாக மாறுவது குறைவு.

படி 6: இத்தனையும் போதாவிட்டால்

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் 30-க்கு மேலேயே நின்றால், அடுத்த படிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தசையின் பலத்தை அளக்கும் மானோமெட்ரி, திரையைப் பார்த்துக்கொண்டே தசையை இயக்கப் பழகும் பயோஃபீட்பேக் ஆகியவை பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

அதையும் தாண்டி எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஆசனவாய் வழியே தண்ணீர் விட்டுக் கழுவுவது. கூம்பு முனையோ பலூன் குழாயோ வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரை 500 மில்லியிலிருந்து ஒரு லிட்டர்வரை மெதுவாக விட்டு, பெருங்குடலின் கீழ்ப்பகுதியைக் காலி செய்வார்கள். தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேர வேலை. குடல் காலியாகிவிட்டால் பல மணி நேரம் நிம்மதி. லாரித் தண்ணீர், போர் தண்ணீர் வேண்டாம், குடிக்கும் தண்ணீர்தான். குடலில் ஓட்டை விழும் ஆபத்து அரிதாக உண்டு என்பதால் இணைப்பு ஆறியது உறுதியான பிறகு, மருத்துவமனையில் கற்றுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். யூடியூப் பார்த்து வேண்டாம்.

கணுக்கால் நரம்பை ஊசியால் தூண்டும் சிகிச்சையும், முதுகின் அடியில் கருவி பொருத்தி நரம்பைத் தூண்டும் சிகிச்சையும் அதற்கு அடுத்தவை. இரண்டாவதில் சில வாரம் சோதனையாக வைத்துப் பார்த்து, பலன் இருந்தால்தான் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். செலவு பல லட்சம்.

எதுவும் உதவாவிட்டால் நிரந்தர கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலையே வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்துப் பை மாட்டுவது. இடப்பக்கம் வரும் இது கெட்டியாகப் போகும், ஐலியாஸ்டமி அளவுக்குத் தொல்லை தராது.

வெளியே போவது

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது, மாநகரப் பேருந்திலும் கிடையாது. மெட்ரோ நிலையங்களில் உண்டு. அதனால் கட்டணம் கொஞ்சம் கூடினாலும் முதல் சில மாதம் மெட்ரோ வழியைத் தேர்ந்தெடுங்கள். கைப்பையில் ஒரு பேட், மாற்று உள்ளாடை, சின்ன பாட்டில் தண்ணீர், களிம்பு, இறுக்கி மூடும் கவர். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் லோபெரமைடு போடுவது பலர் கண்டுபிடித்த வழி, மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொண்டால் சரி. அலுவலகத்தில் மேலதிகாரி ஒருவரிடமாவது சொல்லி, கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

இடுப்பு நரம்புகள் மலத்துக்கு மட்டும் வேலை செய்வதில்லை. சிறுநீர் முழுதாகப் போகாதது, ஆண்களுக்கு விறைப்புக் குறைவது, விந்து வெளிவராதது, பெண்களுக்கு வறட்சியும் உறவின்போது வலியும் வரலாம். எல்லாவற்றுக்கும் வைத்தியம் உண்டு, ஆனால் நம் ஊரில் டாக்டரும் கேட்பதில்லை, நோயாளியும் சொல்வதில்லை. கணவனும் மனைவியுமாகப் போய்க் கேளுங்கள்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்

காய்ச்சலோடு அடிவயிற்று வலி, வயிறு உப்பி வாந்தி, மலமும் காற்றும் நின்றுபோவது, ஆசனவாய் வழியே சீழ் வருவது என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஒரே மாதிரி இருந்த பழக்கம் திடீரென்று மாறினாலோ, புதிதாக ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ லார்ஸ் என்று நினைத்து மாத்திரையைக் கூட்டாதீர்கள், ஆபரேஷன் செய்த டாக்டரைப் பாருங்கள். புற்றுநோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ஐந்து வருஷம்வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோபி ஒரு வருஷம் முடியும்போது. மோஷன் சரியாகிவிட்டது என்று இவற்றை விட்டுவிடுபவர்களும் உண்டு. தேதியை காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள்.